சென்னை - டொராண்டோ வான்வழித் தொலைவு

சென்னை - டொராண்டோ வான்வழித் தொலைவு என்பது, தமிழ்நாட்டிலுள்ள சென்னை பன்னாட்டு விமான நிலையத்துக்கும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள டொராண்டோ பியர்சன் பன்னாட்டு விமான நிலையத்துக்கும் இடையே புவியின் மேற்பரப்பை ஒட்டி அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு ஆகும். இது ஏறத்தாழ 13,390 கி.மீ. (சுமார் 8,320 மைல் அல்லது 7,230 கடல் மைல்). இவ்வாறு அளக்கப்படும் தொலைவு பெருவட்டத் தொலைவு எனப்படும். டொராண்டோ நகரின் பெயர் ஈழத்தமிழர் வழக்கில் ரொறன்ரோ என எழுதப்படுகிறது. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் மிகுதியாக வாழும் நகரங்களுள் இதுவும் ஒன்று.

இரு நகரங்களும் கிரீன்விச்சிலிருந்து கிட்டத்தட்ட சம அளவில், ஒன்று கிழக்கேயும் மற்றொன்று மேற்கேயும் அமைந்துள்ளன. சென்னை ஏறத்தாழ 80 பாகை கிழக்கு. டொராண்டோ ஏறத்தாழ 80 பாகை மேற்கு. இதன் விளைவாக, இவற்றை இணைக்கும் குறுகிய பாதை தட்டையான உலகப் படத்தில் எதிர்பார்க்கப்படும் திசையில் செல்வதில்லை.

பெருவட்டம்

ஒரு கோளத்தை அதன் மையத்தின் வழியாகச் செல்லும் தளத்தால் வெட்டினால், கோளத்தின் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டம் பெருவட்டம் ஆகும். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். வட, தென் துருவங்களின் வழியாகச் செல்லும் நெட்டாங்குக் கோடுகள் (தீர்க்கரேகைகள்) ஒவ்வொன்றும் அரைப் பெருவட்டம். ஆனால் நிலநடுக்கோடு தவிர்ந்த மற்ற அகலாங்குக் கோடுகள் (அட்சரேகைகள்) பெருவட்டங்கள் அல்ல. அவற்றின் தளங்கள் புவியின் மையத்தின் வழியாகச் செல்வதில்லை. ஆகவே ஓர் அகலாங்குக் கோட்டின் மீது நேர் மேற்காகப் பயணம் செய்வது, நிலநடுக்கோட்டில் அன்றி வேறெங்கும் குறுகிய வழியாகாது.

இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. வகுப்பறையில் உள்ள உலக உருண்டையில் சென்னையின் மீதும் டொராண்டோவின் மீதும் ஒரு நூலின் இரு முனைகளையும் வைத்து இறுக இழுத்தால், நூல் தானாகவே வடக்கு நோக்கி நகர்ந்து ஆர்க்டிக் பகுதியில் போய் நிற்கும்.

தட்டையான படத்தில் தோன்றும் வழி

பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் காணப்படும் உலகப் படங்கள் பல, கெரார்டசு மெர்கேட்டர் 1569 ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைபட முறையையோ அதனை ஒத்த முறையையோ பின்பற்றுபவை. அத்தகைய படத்தில் சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு ஓர் அளவுகோலை வைத்துக் கோடு வரைந்தால், அது அரபிக் கடல், சவூதி அரேபியா, சகாரா பாலைவனம், மொரோக்கோ ஆகியவற்றைக் கடந்து அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கே செல்லும். இக்கோட்டின் சிறப்பு, அதன் மீது செல்லும் கலம் தொடக்கம் முதல் இறுதி வரை திசையை மாற்றவேண்டியதில்லை என்பதே. காந்த ஊசியை நம்பிக் கப்பல் செலுத்தியோருக்கு இது பெரும் வசதி. மெர்கேட்டரின் படம் புகழ் பெற்றதும் இதனால்தான். ஆனால் இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 15,700 கி.மீ. பெருவட்டப் பாதையைவிட இது 2,300 கி.மீ. கூடுதல், அதாவது சென்னையிலிருந்து தில்லிக்குச் சென்று மேலும் ஐந்நூறு கி.மீ. பறப்பதற்குச் சமம்.

மெர்கேட்டர் படத்தில் வடக்கே செல்லச் செல்ல நிலப்பரப்பு அகலமாகக் காட்டப்படுகிறது. உண்மையில் நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கி வருகின்றன. 73 பாகை வடக்கில் ஒரு பாகை நெட்டாங்கின் அகலம் சென்னையின் அகலாங்கில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. கிழக்கிலிருந்து மேற்கே 160 பாகை கடக்கவேண்டியவர், கோடுகள் நெருங்கியுள்ள இடத்துக்குச் சென்று கடப்பதே சிக்கனம். குறுகிய பாதை வடக்கே வளைவதாகப் படத்தில் தோன்றுவதன் காரணம் இதுவே. வளைவு படத்தில் உள்ளதேயன்றிப் பாதையில் இல்லை.

பாதை கடக்கும் இடங்கள்

சென்னையிலிருந்து புறப்படும் பெருவட்டப் பாதை வடக்கிலிருந்து சுமார் 17 பாகை மட்டுமே மேற்கே சாய்ந்திருக்கும். ஆந்திரப் பிரதேசத்தைக் கடந்து, ஐதராபாத்துக்குச் சற்றுக் கிழக்கே சென்று, மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் வழியாக அது இந்தியாவை விட்டு வெளியேறுகிறது. பின்னர் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம், இந்துகுஷ் மலைத்தொடர் ஆகியவற்றைத் தாண்டி, உஸ்பெகிஸ்தானின் தலைநகரான தாஷ்கண்டுக்கு மிக அருகில் செல்கிறது. கஜகஸ்தானின் புல்வெளிகளுக்குப் பின் ரஷ்யாவின் யூரல் மலைகளையும் வெண்கடலை அடுத்த பகுதிகளையும் கடந்து ஆர்க்டிக் வட்டத்தினுள் நுழைகிறது.

நார்வேக்கு வடக்கேயுள்ள கடற்பரப்புக்கு மேலாகச் சென்று, கிரீன்லாந்தை நெருங்கும் முன் ஏறத்தாழ 73.6 பாகை வடக்கு என்னும் உச்ச அகலாங்கை இப்பாதை அடைகிறது. அவ்விடத்திலிருந்து வட துருவம் சுமார் 1,800 கி.மீ. தொலைவில் உள்ளது. அதன்பின் கிரீன்லாந்தின் பனிப்பாளம், டேவிஸ் நீரிணை, கியூபெக் மாகாணம் என இறங்கி டொராண்டோவை அடைகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளே மட்டும் சுமார் 3,800 கி.மீ. கழிகிறது. வடக்கு நோக்கிப் புறப்பட்ட பயணம் தெற்கு - தென்மேற்கு நோக்கி முடிவடைவது குறிப்பிடத்தக்கது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் நிலப்பரப்பு எதுவும் இப்பாதையில் வருவதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

கணக்கிடும் முறை

புவியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாகக் கொண்டால், இரு இடங்களின் அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்தாலே தொலைவைக் கணக்கிடலாம். கோள முக்கோணவியலின் கொசைன் விதி இதற்குப் பயன்படுகிறது:

கொசைன்(தொ) = சைன்(அ1) × சைன்(அ2) + கொசைன்(அ1) × கொசைன்(அ2) × கொசைன்(நெ)

இங்கு அ1, அ2 என்பன இரு இடங்களின் அகலாங்குகள்; நெ என்பது நெட்டாங்குகளின் வேறுபாடு; தொ என்பது புவியின் மையத்தில் அவ்விரு இடங்களுக்கும் இடையே அமையும் கோணம்.

சென்னை விமான நிலையம் 12.99 பாகை வடக்கு, 80.17 பாகை கிழக்கு. டொராண்டோ விமான நிலையம் 43.68 பாகை வடக்கு, 79.63 பாகை மேற்கு. ஒன்று கிழக்கு, மற்றொன்று மேற்கு என்பதால் நெட்டாங்குகளைக் கூட்டவேண்டும், வேறுபாடு 159.80 பாகை. இவற்றை வாய்பாட்டில் இட்டால் வலப்பக்கம் 0.1552 - 0.6613 = -0.5061 என வரும். கொசைன் மதிப்பு -0.5061 ஆகவுள்ள கோணம் 120.41 பாகை. முழுப் பெருவட்டமான 360 பாகைக்குச் சுற்றளவு ஏறத்தாழ 40,030 கி.மீ. எனில், 120.41 பாகைக்கு 13,389 கி.மீ. கிடைக்கிறது.

மேற்கு நெட்டாங்குக்கு எதிர்க்குறி இட மறப்பது கணினி நிரல்களில் அடிக்கடி நேரும் பிழை. அவ்வாறு மறந்தால் மேற்கண்ட கணக்கின் விடை சுமார் 3,410 கி.மீ. என வரும். அது டொராண்டோவின் தொலைவு அன்று. கஜகஸ்தானின் தென்கிழக்கு மூலையில் அதே அகலாங்கிலும் நெட்டாங்கு எண்ணிலும் அமைந்த ஓரிடத்தின் தொலைவு. விடை நம்பத்தக்க எண்ணாகவே தோன்றுவதால் இப்பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை.

கொசைன் விதிக்கு மற்றொரு குறை உண்டு. நெடுந்தொலைவுகளுக்கு நன்றாகப் பயன்படும் இவ்விதி, சிறு தொலைவுகளில் தடுமாறும். எடுத்துக்காட்டாக, தென்சென்னையின் பெருங்குடியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் எட்டரை கி.மீ. அளவில் உள்ளது. இதற்குரிய மையக் கோணத்தின் கொசைன் மதிப்பு 0.9999991. ஐந்து தசம இடங்கள் மட்டும் கொண்ட அட்டவணையில் இம்மதிப்பு 1 என்றே இருக்கும். அதாவது பெருங்குடியும் விமான நிலையமும் ஒரே இடம் என்று விடை வரும். ஆறு இடங்கள் கொண்டால் விடை 9 கி.மீ. இச்சிக்கலைத் தவிர்க்க ஹேவர்சைன் என்னும் சார்பைப் பயன்படுத்தும் வாய்பாடு கையாளப்படுகிறது. கோணத்தின் பாதியினது சைன் மதிப்பின் வர்க்கமே ஹேவர்சைன். சிறு கோணங்களில் இது 1 ஐ நெருங்காமல் 0 ஐ நெருங்குவதால் இலக்கங்கள் வீணாவதில்லை. ஹேவர்சைன் என்ற சொல்லை 1835 இல் ஜேம்ஸ் இன்மன் கடற்பயண நூலொன்றில் பயன்படுத்தினார். கணினிக் கணக்கீட்டில் இதன் நன்மையை 1984 இல் ஆர். டபிள்யூ. சின்னாட் வானியல் இதழொன்றில் எடுத்துக்காட்டினார்.

புவி முழுமையான கோளமன்று. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378.1 கி.மீ.; துருவ ஆரம் 6,356.8 கி.மீ. இத்தட்டைத்தன்மையைக் கணக்கில் கொள்ளும் முறைகளுள் 1975 இல் வின்சென்டி வெளியிட்டது பெரிதும் அறியப்பட்டது. கோளக் கணக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பொதுவாக அரை விழுக்காட்டுக்குள் அடங்கும். வெவ்வேறு இணையத்தளங்கள் இதே தொலைவைச் சில கிலோமீட்டர் வேறுபாட்டுடன் தருவதற்கு இது ஒரு காரணம். விமான நிலையங்களுக்குப் பதிலாக நகர மையங்களை எடுத்துக்கொள்வது மற்றொன்று.

புவியின் அளவும் சென்னையும்

மேற்கண்ட கணக்குக்கு இரண்டு வகைத் தரவுகள் தேவை: புவியின் அளவு, இடங்களின் அகலாங்கு - நெட்டாங்கு. இரண்டையும் அளந்து நிறுவிய வரலாற்றில் சென்னைக்குப் பங்குண்டு.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் தெற்கேயுள்ள பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெருங்குடிக்கு மேற்கே சில கி.மீ. தொலைவில் அமைந்த தட்டையான நிலம் அது. 100 அடி நீள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் வைத்து அளந்து, கோட்டின் நீளம் 40,006 அடி (சுமார் 12.2 கி.மீ.) எனக் கண்டார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலைக்கும் திருத்தம் செய்யப்பட்டது. இந்த ஒரு கோட்டின் மீது முக்கோணங்களை அடுக்கடுக்காக அமைத்து, கோணங்களை மட்டும் அளந்து நெடுந்தொலைவுகளைக் கணக்கிடும் பெரும் முக்கோணவியல் அளவைப் பணி வளர்ந்தது. ஒரு பாகை அகலாங்கின் நீளத்தை அறிந்து புவியின் வடிவத்தைத் துணிவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. 1823 இல் லாம்டன் இறந்த பின் ஜார்ஜ் எவரெசுட் இப்பணியைத் தொடர்ந்தார்.

நெட்டாங்கைப் பொறுத்தவரை, நுங்கம்பாக்கத்தில் 1792 இல் அமைந்த சென்னை வானாய்வகம் அடிப்படையாக விளங்கியது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியதான சென்னை நேரம் அதன் நெட்டாங்கிலிருந்து பெறப்பட்டதே. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும்; 80 1/4 பாகைக்கு 321 நிமிடம் என்பதை மாணவர்கள் தாமே சரிபார்க்கலாம். 1906 இல் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வரும்வரை இந்திய இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தையே பின்பற்றின.

இடைவழி நகரங்கள்

சென்னையிலிருந்து டொராண்டோ செல்வோர் வழக்கமாக வேறொரு நகரில் விமானம் மாறிச் செல்கின்றனர். இதற்கு விமானங்களின் ஆற்றல் காரணமன்று. ஏறத்தாழ 15,300 கி.மீ. கொண்ட சிங்கப்பூர் - நியூயார்க் வழியில் இடைநில்லா விமானங்கள் பறக்கின்றன. ஒரே வழியில் நாள்தோறும் இருக்கைகளை நிரப்பும் அளவுக்குப் பயணிகள் கிடைப்பரா என்பதே நிறுவனங்களின் கேள்வி.

இடைவழி நகரங்களால் கூடும் தொலைவு, படத்தைப் பார்த்து ஊகிப்பதினின்றும் மாறுபட்டது. தில்லி வழியாகச் சென்றால் மொத்தம் 13,400 கி.மீ.; பெருவட்டத் தொலைவைவிட ஏறத்தாழ 11 கி.மீ. மட்டுமே அதிகம். தில்லி அப்பாதையிலிருந்து இருநூறு கி.மீ. கிழக்கே விலகியிருந்தும், நெடும்பாதையில் சிறிய விலகல் நீளத்தை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. பிராங்க்பர்ட் வழியாகவும் இலண்டன் வழியாகவும் ஏறத்தாழ 13,940 கி.மீ. வருகிறது. துபாய் வழியாக 14,015 கி.மீ. தட்டையான படத்தில் முற்றிலும் வெவ்வேறு வழிகளாகத் தோன்றும் இலண்டனும் துபாயும் தம்முள் 75 கி.மீ. அளவிலேயே வேறுபடுகின்றன. பயண நேரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இடைவழி நிலையத்தில் காத்திருக்கும் நேரமே.

பறக்கும் தொலைவு

பெருவட்டத் தொலைவு ஒரு கீழ் எல்லை மட்டுமே. விமானம் உண்மையில் பறக்கும் தொலைவு அதனினும் கூடுதல். புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையின் திசைக்கேற்பச் சுற்றவேண்டியுள்ளது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிக் காற்றோட்டங்கள் மேற்கு நோக்கிச் செல்லும் விமானத்தின் வேகத்தைக் குறைப்பதால், நீளம் கூடினாலும் எதிர்க்காற்று குறைந்த வழி சில நாட்களில் தேர்ந்தெடுக்கப்படும். துருவத்தை ஒட்டிய வழிகளில் எரிபொருள் மிகவும் குளிர்ந்துவிடும் இடரும் உண்டு. ஜெட் ஏ-1 வகை எரிபொருளின் உறைநிலை -47 பாகை செல்சியசு. அவசரமாக இறங்கத் தகுந்த நிலையங்களும் அங்கு அரிதானவை.

எல்லாவற்றினும் பெரிய காரணம் வான்பரப்பின் மீதான நாடுகளின் உரிமை. 1944 இல் சிகாகோ நகரில் கையெழுத்தான பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து உடன்படிக்கை, ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்பரப்பில் முழு இறைமை உடையது என ஏற்கிறது. ஆகவே கோள வடிவியல் தரும் குறுகிய கோடு, அக்கோட்டின் கீழுள்ள ஒவ்வொரு நாட்டின் இசைவையும் வேண்டி நிற்கிறது.

2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை மூடியது. அவ்வாண்டு சூலை 16 இல்தான் முழுமையாகத் திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அது மீண்டும் மூடப்பட்டது. தில்லியிலிருந்து வட அமெரிக்கா செல்லும் இந்திய விமானங்கள் அரபிக் கடல் வழியாகச் சுற்ற நேர்ந்ததுடன், எரிபொருள் நிரப்ப வியன்னா போன்ற ஐரோப்பிய நகரங்களிலும் இறங்கின. சென்னை - டொராண்டோ கோட்டுக்கு மிக நெருக்கமான தில்லி வழி, அதன் கணித ஆதாயத்தை இவ்வாறு இழந்தது. 2022 பிப்ரவரி இறுதியில் கனடாவும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று வான்பரப்பை மூடின. அதனால் பெருவட்டப் பாதையின் ரஷ்யப் பகுதி கனடிய விமானங்களுக்கு எட்டாததாயிற்று. இலண்டன் வழியும் தப்பவில்லை. சென்னை - இலண்டன் பெருவட்டப் பாதை ஈரான், காஸ்பியன் கடல், கிரிமியா, உக்ரைன் ஆகியவற்றின் மேலாகச் செல்வது. உக்ரைன் வான்பரப்பு 2022 பிப்ரவரி 24 அன்று குடிசார் விமானங்களுக்கு மூடப்பட்டது.

மூடாமல் விடுவதன் விளைவும் பதிவாகியுள்ளது. 2014 சூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனில் போர் நடந்த பகுதியின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். அன்று அப்பகுதியில் 32,000 அடிக்கு மேற்பட்ட உயரம் விமானங்களுக்குத் திறந்தே இருந்தது. அவ்விமானம் 33,000 அடியில் பறந்துகொண்டிருந்தது.

இழப்பீட்டில் தொலைவு

பெருவட்டத் தொலைவு சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. விமானம் நீக்கப்பட்டாலோ பெரிதும் தாமதமானாலோ பயணிக்குக் கிடைக்கும் இழப்பீட்டை வரையறுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் விதிமுறை, 1,500 கி.மீ. வரை 250 யூரோ எனத் தொடங்கி, ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கி.மீ. தாண்டும் பயணங்களுக்கு 600 யூரோ வரை படிநிலைகளை அமைத்தது. இத்தொலைவுகளைப் பெருவட்ட முறையில் அளக்கவேண்டும் என்பதையும் அவ்விதிமுறையே கூறுகிறது. இந்தியாவில் விமானம் நீக்கப்பட்டால் தரப்படும் இழப்பீடு, தொலைவை விடுத்துப் பயண நேரத்தை அடிப்படையாகக் கொண்டது.

இடையில் விமானம் மாறிச் செல்லும் பயணியின் தொலைவு எது என்ற வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குச் சென்றது. ரோம் நகரிலிருந்து பிரசல்சு வழியாக ஆம்பர்க் சென்ற பயணிகள் தாமதத்துக்கு இழப்பீடு கோரினர். இரு பறப்புகளின் தொலைவைக் கூட்டினால் 1,656 கி.மீ.; ரோமிலிருந்து ஆம்பர்க்குக்கு நேரே அளந்தால் 1,326 கி.மீ. முதல் கணக்கின்படி 400 யூரோ, இரண்டாவதன்படி 250 யூரோ. புறப்பட்ட இடத்துக்கும் இறுதியில் சேரும் இடத்துக்கும் இடையிலான பெருவட்டத் தொலைவையே கொள்ளவேண்டும். பயணி உண்மையில் எவ்வளவு பறந்தார் என்பது பொருட்டன்று என 2017 செப்டம்பர் 7 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.